நீல நிற சீரம் முகச் சுருக்கத்தைக் குறைக்குமா?

கேள்வி: எனக்கு வயது 48. திருச்சியில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். தினமும் ஸ்கூட்டியில்தான் போய் வருகிறேன். மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு முகம் சட்டென்று வாடிவிட்டது. கண்ணோரத்தில் சுருக்கம், தாடைக்குக் கீழே தொய்வு, இரண்டு கன்னத்திலும் மங்கு. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் காப்பர் பெப்டைடு சீரம் வாங்கி அனுப்பியிருக்கிறாள். நீல நிறத்தில் இருக்கிறது. ஏற்கெனவே வைட்டமின் சி சீரமும் போடுகிறேன். இரண்டையும் சேர்த்துப் போடலாமா? உண்மையிலேயே சுருக்கம் குறையுமா? பார்லரில் இதையே டெர்மா ரோலர் வைத்து உள்ளே இறக்கினால் பத்து மடங்கு பலன் என்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் ஊசியாகவே போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். என் அம்மாவோ, செம்புக் குடத்துத் தண்ணீர் குடித்தாலே தோல் பளபளக்கும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

மகள் அனுப்பிய சீரத்தைத் தாராளமாகப் போடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அதனால் தொந்தரவு வருவதில்லை, ஓரளவு நன்மையும் உண்டு. ஆனால் உங்கள் முகத்துக்கு முதலில் தேவைப்படுவது அது இல்லை. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தவை இரண்டு: பார்லர் ரோலரும் இன்ஸ்டாகிராம் ஊசியும். அவை இரண்டும் வேண்டவே வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் இந்த நீலப் பொருள் என்னவென்று பார்ப்போம். கிளைசின், ஹிஸ்டிடின், லைசின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த மிகச் சிறிய புரதத் துண்டு இது. சுருக்கமாக ஜி.எச்.கே. என்பார்கள். தாமிரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு, அப்படிப் பிடித்திருக்கும்போதுதான் அந்த நீல நிறம் வருகிறது. இது தொழிற்சாலையில் கற்பனை செய்து உருவாக்கிய பொருள் இல்லை, நம் ரத்தத்திலேயே இருப்பது. 1973-ல் லோரன் பிக்கார்ட் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர் மனித ரத்தத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். 20 வயதில் ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மாவில் (ரத்தத்தின் நீர்ப்பகுதியில்) 200 நானோகிராம் அளவில் இருப்பது, 60 வயதுக்குள் 80-க்கு இறங்கிவிடுகிறது என்பது அவர் தந்த கணக்கு. விளம்பரங்களில் வரும் 'குறைந்துபோன இளமையைத் திரும்ப நிரப்புகிறோம்' என்ற பேச்சுக்கு இதுதான் மூலம்.

தாமிரத்துக்கும் தோலுக்கும் உள்ள தொடர்பு நிஜமானது. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் இழைகளையும், இழுத்தால் திரும்பி வரும் தன்மை தரும் எலாஸ்டின் இழைகளையும் ஒன்றோடொன்று பிணைத்து வைக்கும் லைசில் ஆக்ஸிடேஸ் என்ற நொதி, தாமிரம் இல்லாமல் வேலை செய்யாது. 1988-ல் பிரான்ஸ் ஆய்வாளர்கள், ஆய்வகத்தில் வளர்த்த தோல் செல்களில் ஜி.எச்.கே. காப்பரைச் சேர்த்தபோது அவை கூடுதலாகக் கொலாஜன் செய்வதைக் காட்டினார்கள். காயம் ஆறுவதிலும் இதன் பங்கைப் பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆக, அடிப்படை அறிவியல் பொய் இல்லை.

ஆனால் கண்ணாடித் தட்டில் வளரும் செல் வேறு, வெயிலில் ஸ்கூட்டி ஓட்டிப் போகும் உங்கள் கன்னம் வேறு. செல்லின் மேல் நேரடியாகப் பொருளை ஊற்றலாம். முகத்தில் தடவினால் அது மேல் தோலின் இறந்த அடுக்கைத் தாண்டி உள்ளே போக வேண்டும். 500 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு) மேல் எடையுள்ள மூலக்கூறுகள் அந்த அடுக்கைக் கடப்பது கடினம் என்பது எங்கள் துறையில் பொதுவாக வைத்திருக்கும் அளவுகோல். ஜி.எச்.கே. காப்பர் ஏறக்குறைய 400, எனவே அளவில் தேறிவிடுகிறது. ஆனால் அது தண்ணீரோடு ஒட்டும் தன்மையுள்ளது. நம் மேல் தோலோ எண்ணெய்ப் பசையால் அடைக்கப்பட்டது. அதனால் தடவியதில் சிறு பங்குதான் உள்ளே இறங்கும்.

மனிதர்கள் மேல் நடந்த ஆய்வுகளும் உண்டு. 1998-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், தொடைத் தோலில் ஒரு மாதம் தடவியபோது, காப்பர் பெப்டைடு போட்டவர்களில் 70 சதவீதம் பேருக்குக் கொலாஜன் உற்பத்தி கூடியது. வைட்டமின் சி போட்டவர்களில் அது 50 சதவீதம், ரெட்டினாயிக் அமிலம் (வைட்டமின் ஏ வகை மருந்து) போட்டவர்களில் 40 சதவீதம். விற்பனையாளர்கள் ஓயாமல் காட்டும் எண் இதுதான். அதில் பங்கேற்றவர்கள் சுமார் 20 பேர் மட்டுமே என்பதை அவர்கள் சொல்வதில்லை. 2002-ல் ஒரு தோல் மருத்துவ மாநாட்டில், 71 பெண்கள் 12 வாரம் இந்தக் கிரீமை முகத்தில் பூசியதில் மெல்லிய கோடுகளும் தளர்ச்சியும் குறைந்ததாக ஒரு சுருக்கக் குறிப்பு வாசிக்கப்பட்டது. 2006-ல் இன்னொன்று: லேசர் சிகிச்சை செய்துகொண்ட 13 பேரிடம் காப்பர் பெப்டைடைச் சோதித்தார்கள். சிவப்பிலோ சுருக்கத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. ஆனால் பூசிக்கொண்டவர்கள் தங்கள் தோல் மேம்பட்டதாக மகிழ்ச்சியோடு சொன்னார்கள். இந்தக் கடைசித் தகவலை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். நம் முகத்தை நாமே மதிப்பிடும்போது நம் விருப்பமும் சேர்ந்துகொள்கிறது.

இன்னொரு விளம்பர வரியும் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். 'நாலாயிரம் மரபணுக்களை இளமைக்குத் திருப்புகிறது' என்பார்கள். அது ஒரு கணினித் தரவுத்தொகுப்பிலிருந்து எடுத்த கணக்கு. அந்தத் தரவுகள் ஆய்வகத்தில் வளர்க்கும் புற்றுநோய் செல் வகைகளிலிருந்து வந்தவை. யாருடைய முகத் தோலிலும் அளந்து பார்த்தது கிடையாது. பிக்கார்ட் நல்ல விஞ்ஞானி, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவரே காப்பர் பெப்டைடு பொருட்கள் விற்கும் நிறுவனத்தைத் தொடங்கியவர் என்பதையும் சேர்த்து வைத்துத்தான் அவருடைய பிற்காலக் கட்டுரைகளைப் படிக்க வேண்டும்.

ஆக, நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது இவ்வளவுதான்: மூன்று மாதம் விடாமல் பூசினால் தோல் கொஞ்சம் மிருதுவாகும், ஈரப்பதம் கூடும், கண்ணோரத்து மெல்லிய கோடுகள் சற்று மங்கலாம். தாடைக்குக் கீழே உள்ள தொய்வு குறையாது. அது தோலின் மேலடுக்கு விஷயமே இல்லை. அடியில் உள்ள கொழுப்பும் எலும்பும் தசைநார்களும் மாறியதால் வருவது. எந்த சீரமும் அதைத் தூக்கி நிறுத்தாது, எத்தனை ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினாலும்.

உங்கள் முகம் 'சட்டென்று' வாடியது உங்கள் பிரமை இல்லை. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் தோலின் கொலாஜன் ஏறக்குறைய 30 சதவீதம் வரை குறைகிறது. அதற்குப் பிறகு ஆண்டுக்கு 2 சதவீதம் அளவில் மெல்ல இறங்குகிறது. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறைவதால் தோல் வறண்டும் போகும். இத்தனை நாள் உறுத்தாத சோப்பு இப்போது இழுத்துப் பிடிப்பது அதனால்தான். முதல் வேலையாக அந்தச் சோப்பை விட்டு, நுரை குறைந்த ஃபேஸ்வாஷுக்கு மாறுங்கள். முகம் கழுவிய ஈரம் முழுதும் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் போடுங்கள். இதற்கே ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

அடுத்தது வெயில். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் முகத்தில் நடந்துகொண்டிருப்பதில் பெரும் பங்கு இதற்குத்தான். ஆஸ்திரேலியாவில் நம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் தினமும் சன்ஸ்கிரீன் போட்டார்கள், மற்றவர்கள் தங்கள் விருப்பப்படி. நாலரை ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, தினமும் போட்டவர்களின் தோல் மூப்பு மற்றவர்களைவிட 24 சதவீதம் குறைவு. 2013-ல் வெளியான ஆய்வு இது. தோல் முதுமையைத் தடுப்பதில் இந்த அளவுக்குப் பெரிய, நீண்ட ஆய்வின் பின்பலம் காப்பர் பெப்டைடுக்குக் கிடையாது. திருச்சி வெயிலில் புற ஊதாக் கதிர் அளவு ஆண்டின் பல மாதங்கள் உச்சத்தில் இருக்கிறது. சன்ஸ்கிரீன் போடாமல் சீரம் மட்டும் போடுவது, கூரை ஒழுகும்போது சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதைப் போன்றது.

எஸ்.பி.எஃப். 30 அல்லது 50, அதோடு அட்டையில் பி.ஏ. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் பிளஸ் குறி குறைந்தது மூன்று இருக்கட்டும். அளவுதான் எல்லோரும் தவறுகிற இடம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். பட்டாணி அளவு எடுத்துத் தேய்த்தால் அட்டையில் போட்டிருக்கும் பாதுகாப்பில் சிறு பங்குதான் கிடைக்கும். காலையில் கிளம்பும் முன் ஒரு முறை, மாலையில் வெயிலோடு திரும்புவதாக இருந்தால் அலுவலகத்தை விட்டுக் கிளம்பும் முன் இன்னொரு முறை. முகத்தைச் சுற்றித் துப்பட்டா கட்டுவது நல்ல பழக்கம், அதையும் விடாதீர்கள், ஆனால் மெல்லிய துணி கதிர்களை உள்ளே விடும். ஹெல்மெட்டின் கண்ணாடி மூடி மட்டும் இருந்தாலும் போதாது.

மங்கு இருப்பதால் உங்களுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. நம் நிறத்துத் தோலில் மங்கைப் புற ஊதாக் கதிர் மட்டுமில்லாமல் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கருக்கச் செய்யும். சாதாரண வெள்ளை சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. அயர்ன் ஆக்சைடு சேர்த்த, லேசான தோல் நிறம் கொண்ட 'டின்டட்' சன்ஸ்கிரீன் தடுக்கும். சுருக்கத்தைப் போலவே, சீரற்ற நிறமும் முகத்தின் வயதைக் கூட்டிக் காட்டும். உங்கள் இரண்டு கன்னத்து மங்கும் பாதி குறைந்தாலே கண்ணாடி வேறு மாதிரி பேசும். காப்பர் பெப்டைடு மங்கைக் குறைக்காது.

தோலுக்கு நிறம் தரும் மெலனினை உருவாக்கும் டைரோசினேஸ் நொதிக்கும் தாமிரம் தேவை என்பதால், இந்த சீரம் மங்கைக் கூட்டிவிடுமோ என்று சிலர் பயப்படுவார்கள். தடவுவதில் உள்ள தாமிரத்தால் அப்படி ஆனதாக மருத்துவப் பதிவுகளில் நான் பார்த்ததில்லை. ஆனால் எந்தப் பொருளானாலும் அரிப்பும் எரிச்சலும் கொடுத்தால் நம் தோல் அந்த இடத்தில் கருக்கும். அதனால் முதலில் காதுக்குப் பின்னால் நாலைந்து நாள் பூசிப் பாருங்கள். 'ஆரம்பத்தில் மோசமாகி, அப்புறம் சரியாகும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எரிந்தால் நிறுத்திவிடுங்கள்.

சரி, சேர்த்துப் போடலாமா என்ற கேள்விக்கு வருவோம். வைட்டமின் சி-யும் காப்பர் பெப்டைடும் ஒரே வேளையில் வேண்டாம். வைட்டமின் சி சீரம் நல்ல புளிப்புத் தன்மை உள்ளது. அந்தப் புளிப்பில் பெப்டைடின் பிடியிலிருந்து தாமிரம் நழுவும். நழுவிய தாமிரம் வைட்டமின் சி-யை வேகமாகக் கெடுத்துவிடும். ஒன்றையொன்று வீணாக்கிக்கொள்ளும், அவ்வளவுதான், முகத்துக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. காலையில் வைட்டமின் சி, அதன்மேல் மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். இரவில் காப்பர் பெப்டைடு, அதன்மேல் மாய்ஸ்சரைசர். கிளைகாலிக் அமிலம் மாதிரி உரிக்கும் பொருட்கள் எதுவும் வைத்திருந்தால் அவற்றையும் காப்பர் பெப்டைடு போடும் இரவில் தொடாதீர்கள்.

சுருக்கத்துக்கு உண்மையான மருந்து வேண்டுமென்றால் அது வைட்டமின் ஏ சார்ந்த ரெட்டினாய்டு வகைதான். ட்ரெட்டினாயின் கிரீம் வெயிலால் மூப்படைந்த தோலைத் திருத்துவதை 1986-லேயே காட்டினார்கள். அன்று முதல் இன்று வரை எத்தனையோ ஆய்வுகளில் அது நின்று காட்டியிருக்கிறது. மங்குக்கும் அது ஓரளவு உதவும். ஆனால் இது மருத்துவர் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து. 0.025 சதவீதத்தில், வாரம் இரண்டு இரவு, பட்டாணி அளவு என்று தொடங்குவார்கள். தோல் பழகப் பழக நாட்களைக் கூட்டுவார்கள். பலன் தெரிய நாலிலிருந்து ஆறு மாதம் பிடிக்கும். நீங்கள் அதைத் தொடங்கினால், ட்ரெட்டினாயின் போடாத இரவுகளில் மகள் கொடுத்த சீரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த இடம் காப்பர் பெப்டைடுக்குப் பொருத்தமானது என்று நினைக்கிறேன். ட்ரெட்டினாயினால் உலர்ந்த தோலுக்கு அது இதமாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்கிவிடாதீர்கள். முதல் மாதம் சன்ஸ்கிரீனும் மாய்ஸ்சரைசரும் சீரமும் மட்டும். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க முடிய வேண்டும் அல்லவா?

சீரம் பாட்டிலையும் ஒரு முறை பாருங்கள். சேர்மானப் பட்டியலில் 'காப்பர் ட்ரைபெப்டைடு-1' என்று இருக்க வேண்டும். 1 சதவீதம் என்று போட்டிருந்தால் திரவம் நல்ல நீலமாகவே இருக்கும். நிறமே இல்லாமல் 1 சதவீதம் என்றால் நம்ப முடியாது. நீலச் சாயம் கலந்திருக்கிறதா என்பதையும் அதே பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ மாறிவிட்டால் கெட்டுவிட்டது என்று கொள்ளலாம். வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

இப்போது ரோலர். தோலில் நூற்றுக்கணக்கான நுண்துளைகள் போட்டு, அதன் வழியே சீரத்தை இறக்குவது இது. சீரம் தயாரிக்கப்படுவது தோலின் மேலே தடவுவதற்கு. அதில் வாசனைப் பொருளும், கெடாமல் காக்கும் ரசாயனங்களும், கெட்டிப்படுத்தும் பொருட்களும் இருக்கின்றன. மேல் தோல் அவற்றை வெளியிலேயே நிறுத்திவிடுவதால் பிரச்சினை இல்லை. துளை வழியே உள்ளே போனால் உடல் அவற்றை எதிரியாகப் பார்க்கும். இப்படி நுண்ணூசி செய்து மேலே சீரம் பூசிய மூன்று பெண்களுக்கு முகத்தில் ஆறாத வீக்கமும் தடிப்பும் வந்ததை 2014-ல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். போதாக்குறைக்கு, மங்கு உள்ள தோலைக் குத்தினால் கருமை கூடும் வாய்ப்பு அதிகம். ரோலர் எத்தனை பேர் முகத்தில் உருண்டு வந்தது என்ற கேள்வியும் இருக்கிறது. இந்தச் சிகிச்சை தேவை என்றால் தோல் மருத்துவர், கிருமி நீக்கிய கருவியோடு, அதற்கென்று தயாரித்த பொருளோடு செய்யட்டும்.

ஊசி இதைவிட ஆபத்து. இணையத்தில் விற்கும் அந்தப் பொடிக் குப்பிகளில் பெரும்பாலும் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று அச்சிட்டிருக்கும். மனித உடலில் செலுத்துவதற்கு உரிய கிருமி நீக்கமும் தூய்மைச் சோதனையும் செய்ததற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2023-ல், ஊசியாகக் கலந்து தயாரிக்கும் ஜி.எச்.கே. காப்பரைப் பாதுகாப்பு குறித்த கவலை உள்ள பொருட்களின் பிரிவில் வைத்தது. உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தவறாகத் தூண்டக்கூடும் என்பதும், பெப்டைடோடு வரும் மாசுகளும் அதற்குச் சொன்ன காரணங்கள். தடவும் சீரத்துக்கு இந்தக் கவலை பொருந்தாது. முகத்துச் சுருக்கத்துக்காக யாரோ அனுப்பிய குப்பியை வீட்டில் வைத்துக் கலந்து குத்திக்கொள்ளாதீர்கள், தயவுசெய்து.

அம்மா சொன்ன செம்புக் குடம்: குடிக்கட்டும், நீங்களும் குடியுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் தோலுக்காக வேண்டாம். நமக்குத் தினம் தேவைப்படும் தாமிரம் ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். பருப்பு, கொண்டைக்கடலை, எள், முந்திரி, கேழ்வரகு என்று நம் சாப்பாட்டிலேயே அது கிடைத்துவிடுகிறது. குறைபாடு இல்லாதவர்களுக்குக் கூடுதல் தாமிரம் கூடுதல் கொலாஜனாக மாறாது. குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் வரம்பு. ராத்திரி ஊற்றி வைத்த வெறும் தண்ணீர் பொதுவாக அதற்குள்தான் இருக்கும். எலுமிச்சைச் சாறோ மோரோ மட்டும் அதில் ஊற்றி வைக்க வேண்டாம், புளிப்பு தாமிரத்தை அதிகம் இழுக்கும், வாந்தியும் வயிற்று வலியும் வரும். குடும்பத்தில் யாருக்காவது வில்சன் நோய் (உடலில் தாமிரம் தேங்கிவிடும் பரம்பரை நோய்) இருந்தால் செம்புக் குடத்தை விட்டுவிடுங்கள், சீரத்தையும் மருத்துவரிடம் கேட்டே தொடுங்கள்.

கடைசியாக ஒன்றைக் கேட்க வேண்டும். நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் மங்கு என்று வருகிறவர்களில் நிறையப் பேரிடம் நான் காண்பது. மருந்துக் கடையில் சொல்லி வாங்கிய 'மங்கு கிரீம்' ஏதாவது மாதக்கணக்கில் போடுகிறீர்களா? அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் சில வாரம் முகம் பளிச்சென்று ஆகும். அதற்குப் பிறகு தோல் மெலிந்து, சிவப்பு நரம்புகள் தெரிந்து, பருக்களும் முடியும் வந்து, நிறுத்தினால் எரியத் தொடங்கும். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்ற பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கேட்டால் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. மெலிந்த தோலும் வயதானது போலவே தெரியும். சுருக்கம் என்று நீங்கள் நினைப்பதில் ஒரு பகுதி அதுவாக இருந்தால், சீரம் எதுவும் போடும் முன் அதைச் சரி செய்ய வேண்டும். அப்படி ஒரு கிரீம் இருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாமல், டியூப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள், படிப்படியாக நிறுத்த வழி சொல்வார். முகத்தில் போடும் எல்லாவற்றையும், மகள் அனுப்பிய நீல பாட்டில் உட்பட, அன்றைக்கே ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்விட்டால் இரண்டாவது தடவை அலைய வேண்டியிருக்காது.